ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர், எந்தக் கூலன்ட்?

கூலன்ட் வாங்கப் போகிறவர் நிறத்தைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று கடைக்காரரைக் கேட்கிறார். அதோடு கலக்கப்போகும் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பட்டறைக் குழாயில் என்ன வருகிறதோ அதைப் பிடித்து ஊற்றிவிடுகிறார்கள். 30 லிட்டர் கொள்ளும் லாரியில் பாதிக்குப் பாதி கலந்தால் 15 லிட்டர் தண்ணீர்தான். காசு கொடுத்து வாங்கிய பாதிக்கு அத்தனை விசாரணை, காசில்லாமல் வந்த பாதிக்கு ஒரு கேள்வியும் கிடையாது. முதலில் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள், பிறகு கூலன்ட்டுக்கு வாருங்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். நாமக்கல், சேலம், தருமபுரி, கரூர் பக்கம் பாறைக்குள் போர் போட்டுத் தண்ணீர் எடுக்கும் ஊர்களில் லாரி வைத்திருப்பவருக்கு இந்த வரிசை மாறவே கூடாது.

‘நாங்கள் குடிக்கிற தண்ணீர்தானே, இன்ஜினுக்கு ஆகாதா?’ என்பதுதான் முதலில் வரும் கேள்வி. ஆகாது என்பதற்கு எண்களே சாட்சி. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரைகூடச் சகித்துக்கொள்கிறது. குளோரைடு, அதாவது உப்பின் அம்சம், 250 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லை என்றால் 1000. கனரக டீசல் இன்ஜின்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பைப் பாருங்கள்: கடினத்தன்மை 170, குளோரைடு 40, சல்பேட் 100, கரைந்த திடப்பொருள் எல்லாம் சேர்த்து 340 மில்லிகிராம். ஏஎஸ்டிஎம் டி6210 என்ற கூலன்ட் தரமும் கேட்டர்பில்லர் கையேடுகளும் சொல்லும் அளவு இதுதான். மனிதனுக்குத் தாராளமாக நல்லது என்று அரசு சொல்லும் தண்ணீரிலேயே இன்ஜின் தாங்கும் குளோரைடைப் போல ஆறு மடங்கு இருக்கலாம். நம் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளிவிடும். மூடி போட்டுப் பூட்டிய ரேடியேட்டருக்கு அந்த வசதி இல்லை, உள்ளே போன உப்பு உள்ளேயே சுற்றும்.

கடினத்தன்மை என்பது பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும். கால்சியம் கார்பனேட்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் சூடு ஏற ஏறக் கூடுதலாகக் கரையும். இது சூடு ஏறினால் கரையாமல் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் ஹீட்டரின் கம்பிச் சுருளில் வெள்ளையாகப் பிடித்திருப்பது அதுதான். இன்ஜினுக்குள் எங்கே சூடு அதிகமோ அங்கேயே போய் ஒட்டும்: லைனரின் மேல் பகுதி, ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான பாலம், இன்ஜெக்டரைச் சுற்றிய இடம். எந்த இடத்தை முதலில் குளிரவைக்க வேண்டுமோ அந்த இடத்துக்கே போர்வை போர்த்துகிறது. வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் இந்தப் படிவு சூட்டைக் கடத்துவது பல பத்து மடங்கு மட்டம். ரேடியேட்டர் பளபளவென்று இருக்கும், டயலில் முள்ளும் பச்சைக்குள்தான் நிற்கும், ஆனால் அந்தப் பாலத்தில் உலோகம் வெந்து விரிசல் விடும். முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. படிவுக்குப் பின்னால் இருக்கும் இரும்பின் சூட்டைக் காட்ட அதற்கு வழியில்லை.

இதில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 15 லிட்டர் போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருந்துவிடப் போகிறது? லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றே வைத்தாலும் மொத்தம் 9 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன்கூட வராது. கணக்கு சரிதான். முதல்முறை நிரப்பும் தண்ணீரோடு கதை முடிந்திருந்தால் இத்தனை பேச்சுக்கு அவசியமே இல்லை. கெடுதி வருவது டாப் அப்பில். மூடியின் ரப்பர் தேய்ந்து ஆவி போகிற வண்டியில் வாரம் ஒரு லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளே நின்றுவிடும். வாரா வாரம் அதே போர் தண்ணீரை ஊற்றினால் வருடத்தில் 52 லிட்டர், 31 கிராம் படிவுப் பொருள். அத்தனையும் ஒட்டாது, ஒரு பகுதி கரைந்தே சுற்றும். இருந்தாலும் 27 கிராம் ஒட்டியதாக வைத்தால் அது 10 கன சென்டிமீட்டர். இன்ஜின் முழுக்கச் சமமாகப் பரவினால் கண்ணுக்கே தெரியாது. சூடான இடமாகப் பார்த்து, 200 சதுர சென்டிமீட்டரில் மட்டும் ஒட்டினால் அரை மில்லிமீட்டர் கனம். இரண்டு மூன்று வருடம் இப்படி ஓடிய வண்டி கோடையில் முழு லோடோடு திம்பம் ஏறும்போது ‘திடீரென்று’ ஹீட் ஆகிறது என்கிறார்கள். 27 கொண்டை ஊசி வளைவுகளின் மீது பழி விழுகிறது.

குளோரைடு செய்யும் வேலை வேறு. அது படிவதில்லை, அரிக்கிறது. இப்போதைய ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் இயல்பாகப் படரும் மெல்லிய ஆக்சைடு ஏடு. குளோரைடு அந்த ஏட்டை அங்கங்கே குத்தி, ஊசி நுழையும் அளவு குழி தோண்டும். தூத்துக்குடியில் உப்பு ஏற்றப் போய்க் காத்திருக்கும் வண்டியில் அங்கே கிடைக்கும் நிலத்தடி நீரை ஊற்றுவது இந்த வகை ஆபத்து. சிலர் சாஃப்ட்னர் போட்ட வீட்டுத் தண்ணீரை எடுத்து வந்து, ‘இதில் கடினமே இல்லை’ என்பார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கிறது. குளோரைடும் சல்பேட்டும் இருந்தபடியே இருக்கும். காய்ச்சி ஆற்றிய தண்ணீரும் உதவாது. காய்ச்சினால் தற்காலிகக் கடினத்தன்மை கொஞ்சம் கீழே படியும், மற்ற உப்புகள் ஆவி போன அளவுக்கு இன்னும் அடர்த்தியாகும்.

எதைத்தான் ஊற்றுவது? முதல் தேர்வு டிஎம் வாட்டர், அதாவது பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். வாங்கும்போது லேபிளைப் படித்துவிடுங்கள். பேட்டரி ஆசிட்டும் அதே கடையில் ஏறக்குறைய அதே மாதிரிக் கேனில்தான் நிற்கும். இரண்டாவது தேர்வு ஆர்ஓ கேன் தண்ணீர், ஆனால் அளந்து பார்த்து. பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, லாரி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டிய கருவி அது. தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு என்று தோராயமாகக் காட்டுமே தவிர எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஆர்ஓ சவ்வு கால்சியத்தை நன்றாகத் தடுக்கும், சோடியம் குளோரைடைச் சற்றே நழுவவிடும். ஆகவே ஆர்ஓ தண்ணீரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சாப்பாட்டு உப்பு என்றே வைத்துக் கணக்குப் போடலாம். சாப்பாட்டு உப்பின் எடையில் 60 சதவீதம் குளோரைடு. மீட்டர் 50 காட்டினால் மோசமான நிலையிலும் குளோரைடு 30. நம் வரம்பான 40க்குள் அடங்கும். 100 காட்டினால் 60 ஆகிவிடக்கூடும். எனவே 50க்குக் கீழே காட்டும் ஆர்ஓ தண்ணீர் போதும், அதற்கு மேல் காட்டுவதைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று மழை போன பிறகு சுத்தமான மொட்டை மாடியிலிருந்து பிடித்து வடிகட்டிய மழைத் தண்ணீரும் இந்தச் சோதனையில் தேறும். தமிழ்நாட்டில் 2003 முதல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும் எல்லாம் நிலத்துக்குள்தான் போகிறது. ஒரு டிரம்மை லாரிக்கென்று ஒதுக்கினால் குறைந்துவிடாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை என்றாலும் தூசியும் பாசியும் உண்டு, அது வேண்டாம்.

படித்த மெக்கானிக்குகள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள்: உப்பே இல்லாத தண்ணீர் ‘பசித்த தண்ணீர்’, உலோகத்தையே கரைத்துத் தின்னும் என்று. டிஎம் வாட்டரை மட்டும் தனியாக ஊற்றி ஓட்டினால் அந்தப் பயம் நியாயமானது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அது லேசான அமிலமாகும், அந்த அமிலத்தைச் சமன் செய்ய அதில் எதுவும் இல்லை. கூலன்ட்டோடு கலந்த பிறகு நிலைமை மாறிவிடும். கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான்களும் காரத்தன்மையும் அந்த வேலைக்கென்றே சேர்க்கப்பட்டவை. கடினத் தண்ணீரை ஊற்றினால் அந்தத் தடுப்பான்களில் ஒரு பங்கு, இரும்பைக் காப்பதை விட்டுவிட்டுக் கால்சியத்தோடு சேர்ந்து சேறாகிச் செலவாகிறது. விலை கொடுத்து வாங்கிய மருந்தை வாசலிலேயே கொட்டிவிட்டு உள்ளே போவதாக ஆகும்.

இனி கூலன்ட்டுக்கு வருவோம். ‘நம்ம ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?’ என்ற கேள்வி இன்னும் சாகவில்லை. நாமக்கல் வண்டி காஷ்மீர் வரை போகிறது என்பது ஒரு பதில். அங்கே பனிக்காலத்து ஒரே இரவில் வெறும் தண்ணீர் உறைந்து விரிந்து பிளாக்கைப் பிளந்துவிடும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலவையோ மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். வேலூரைத் தாண்டாத வண்டிக்கும் பதில் உண்டு. அதே கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், மூடியின் அழுத்தம் சேர்ந்தால் இன்னும் 20 டிகிரி ஏறும். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் லைனர். பெரிய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் லைனரின் வெளிப்புறம் நேரடியாகத் தண்ணீரில் நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் லைனரின் ஒரு பக்கத்தில் மோத, லைனர் மணி போல அதிர்கிறது. அது பின்வாங்கும் கணத்தில் சுவரை ஒட்டி ஆவிக் குமிழிகள் பிறக்கின்றன, திரும்பி வரும் கணத்தில் அவை நசுங்கி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் உலோகத்தில் ஒரு அடி. கழற்றிய லைனரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: சுற்றிலும் வழவழப்பாக இருக்கும், பிஸ்டன் மோதும் பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழாக ஒரு பட்டையில், ஊசியால் குத்தியது போல் கொத்துக் கொத்தாகத் துளைகள். விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கும். ஒரு துளை உள்ளே எட்டிவிட்டால் தண்ணீர் ஆயிலில் கலக்கும், பேரிங் போகும். கனரக கூலன்ட்டில் சேர்க்கும் நைட்ரைட், மாலிப்டேட் போன்றவை லைனர்மேல் ஓர் ஏட்டைப் படரவிட்டு அந்த அடியைத் தாங்கிக்கொள்கின்றன, கிழிந்த இடத்தில் மறுபடி படர்கின்றன. வெறும் தண்ணீரில் இந்தக் காப்பு கிடையாது. கார் கூலன்ட்டிலும் இருக்கும் என்று நம்ப முடியாது.

அந்தக் காலத்து லாரிகள் வெறும் தண்ணீரில் ஓடவில்லையா? ஓடின. செம்பும் பித்தளையும் சேர்த்த ரேடியேட்டர், கனத்த வார்ப்பிரும்பு, 110, 120 குதிரைத்திறன். இன்று ஏறக்குறைய அதே 6 லிட்டர் இன்ஜினிலிருந்து 200, 250 எடுக்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு பல வண்டிகளில் இஜிஆர் கூலர் இருக்கிறது. பல நூறு டிகிரிச் சூட்டில் வரும் புகையை அதே கூலன்ட்தான் குளிரவைக்கிறது, அந்தச் சின்னச் சந்துகளில் உப்பு பிடித்தால் கூலரே வெடிப்பு விடும். தண்ணீர்தான் கூலன்ட்டைவிட நன்றாகச் சூடு வாங்கும் என்ற வாதம் மட்டும் உண்மை. பாதிக் கலவை வெறும் தண்ணீரைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவாகவே சூட்டைச் சுமக்கிறது. அதைத் தெரிந்துதான் ரேடியேட்டரின் அளவையே தயாரிப்பாளர் வைத்திருக்கிறார். அதே காரணத்துக்காக, ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று கூலன்ட்டை மட்டும் ஊற்றுவதும் தவறு. சூடு சுமப்பது குறையும், கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்தும் போகும்.

கடையில் நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம். எந்த நிறத்தில் எந்த மருந்து என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது வண்டிக் கையேட்டில் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் குறியீடு. கேனில் அது அச்சாகியிருக்க வேண்டும். கூடவே கனரக வண்டிக்கான ஏஎஸ்டிஎம் டி6210 இருந்தால் நல்லது. ஐஎஸ் 5759, ஜேஐஎஸ் கே 2234 ஆகியவை கூலன்ட்டுக்கான பொதுத் தரங்கள். அவற்றை மட்டும் பார்த்து லைனர் காப்பு இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. பழைய வகைக் கூலன்ட்டில் சிலிக்கேட், பாஸ்பேட், நைட்ரைட் போன்றவை வேலை செய்யும். சுமார் 2 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். கரிம அமில வகை மெல்லச் செலவாகும், 5 ஆண்டுகூடத் தாங்கும், விலையும் கூடுதல். நீண்ட நாள் ஓட்டுவதாக இருந்தால் கரிம அமில வகையே லாபம் என்பது என் கருத்து, ஆனால் ஒரு நிபந்தனையோடு: அதில் வேறு வகையைக் கலக்கக்கூடாது. கால்வாசி மாற்றுச் சரக்கு சேர்ந்துவிட்டால் 5 ஆண்டுக் கணக்கு செல்லாது. பாஸ்பேட் உள்ள கூலன்ட்டில் போர் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் பாஸ்பேட் சேறு நிச்சயம். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டையே ஒதுக்கியதற்கு அவர்கள் ஊர்க் கடினத் தண்ணீர் ஒரு காரணம். கலந்தே வரும் ரெடி மிக்ஸ் கேனை விலை அதிகம் என்று ஒதுக்குகிறார்கள். நல்ல தண்ணீர் கைவசம் இல்லாத ஊரில் அதுவே மலிவு.

மாற்றும்போது நடக்கும் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். பழைய கூலன்ட்டை இறக்கிவிட்டு, குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிறகு பாதிக்குப் பாதியாகக் கலந்த கூலன்ட்டை நிரப்புகிறார்கள். பிளாக்கின் அடியில் அலசிய தண்ணீர் பல லிட்டர் இறங்காமல் நிற்கும். அது கலவையை நீர்க்கச் செய்கிறது, உப்பையும் சேர்க்கிறது. கடைசி அலசல் டிஎம் வாட்டரில் இருக்கட்டும். பிறகு மொத்தக் கொள்ளளவில் பாதிக்குக் கலக்காத கூலன்ட்டை முதலில் ஊற்றி, மீதியை டிஎம் வாட்டரால் நிரப்புங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் விகிதத்தை ஒரு சொட்டில் பார்த்துவிடலாம். இறக்கிய கூலன்ட்டைச் சாக்கடையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாயும் குழந்தையும் நக்கிவிடும்.

வழியில் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஓட்டையை அடைக்கும் அதே தூள் ரேடியேட்டரின் நல்ல குழாய்களையும் அடைக்கும், அடுத்த பட்டறை வரை போய்ச் சேர மட்டும் அது உதவும். அத்துவானத்தில் ஹீட் ஆகி நின்றுவிட்டால், ‘டிஎம் வாட்டர் இல்லையே’ என்று தயங்க வேண்டாம். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் துணி போட்டு மெல்லத் திறந்து, கிடைக்கும் குடிதண்ணீரை ஊற்றி ஊர் வந்து சேருங்கள். ஒருமுறை ஊற்றியதால் இன்ஜின் கெடாது. வந்தபின் இறக்கி மாற்றாததால்தான் கெடும். போர் போடும் ரிக் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல்: பூமியிலிருந்து அப்போதுதான் பீறிட்ட தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில்தான் உப்பு அதிகம் இருக்க வாய்ப்பு.

மாதம் ஒருமுறை, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து கழுத்தின் உள்பக்கம் விரலை ஓட்டுங்கள். வெள்ளைப் பொருக்கு என்றால் தண்ணீர் தப்பு, செங்கல் நிறச் சேறு என்றால் தடுப்பான் தீர்ந்துவிட்டது, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள். மூடியின் ரப்பரில் வெடிப்பு இருந்தால் மூடியை மாற்றுங்கள். தண்ணீர் அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் எங்கே போகிறது என்று தேடுங்கள். உங்கள் வண்டியில் இருக்கும் அதே கூலன்ட்டை டிஎம் வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து, 5 லிட்டர் கேனில் பெயரும் தேதியும் எழுதி, கேபினில் வையுங்கள். டாப் அப் என்றால் அந்தக் கேன் மட்டுமே என்று டிரைவரிடமும் கிளீனரிடமும் சொல்லிவிடுங்கள்.